கடைசிப் பெட்டியில் காவல் வாரம்

2006 ஜூன் 5. மாத பாஸ், 120.
2011 ஜூன் 6. மாத பாஸ், 165.
2017 ஜூன் 5. மாத பாஸ், 240.
2017 நவம்பர் 16. அரை நாள் சம்பளப் பிடித்தம், 190.
2017 டிசம்பர் 4. பதிவுத் தபால், 22.
2018 ஜனவரி 22. பதிவுத் தபால், 22.

இவை என் தங்கையின் செலவுக் கணக்கிலிருந்து எடுத்தவை. முதல் மூன்று வரிகளுக்கு விளக்கம் வேண்டாம். வேலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் ரயில் பாஸ் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது என்பார்கள். நான்காவது வரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதை எழுத வேண்டுமானால் அவளைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் நான் மூத்தவன், அவள் கடைக்குட்டி. அவளுக்கு முப்பத்து நான்கு வயதானபோது ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரி, நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. வீடு இந்தக் கோடியில். அங்கே வாடகைக்குக் குடிபோனால் வாங்குகிற சம்பளம் வீட்டுக்காரர் கைக்கே சரியாகப் போய்விடும். இங்கே அப்பா விட்டுப்போன வீடு இருக்கிறது. முன் அறையில் நான், பின்னால் இரண்டு அறைகளில் அவளும் அவள் கணவரும் மகளும். மாப்பிள்ளைக்கு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாவி போடும் கடை. "ஊர்ல இருக்கிற எந்தப் பூட்டையும் திறந்துடுவேன் மச்சான். உங்க தங்கச்சி கண்ணை மட்டும் ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு முன்னாடி திறக்க முடியலை" என்பார்.

ஆஸ்பத்திரியில் வேலை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டோம். உண்மையில் அவள் ஆஸ்பத்திரியின் ஆள் இல்லை, ஒப்பந்தக் கம்பெனியின் ஆள். பதினோரு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம். அது முடிந்ததும் ஒரு மாதம் வீட்டில் இருக்க வேண்டும். பிறகு ஜூன் மாதம் புது ஒப்பந்தம், புது அடையாள அட்டை. தொடர்ந்து பத்து வருடம் வேலை பார்த்தவளைக் காகிதத்தில் பார்த்தால் பத்துத் தடவை புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளாக இருப்பாள். அட்டை மட்டும்தான் புதிது, அதில் ஒட்டுகிற படம் முதல் வருடம் எடுத்ததே. வாசல் காவலர் அட்டையைப் பார்த்துவிட்டு, "பொண்ணு அட்டையை எடுத்துட்டு வந்துட்டீங்களாம்மா" என்று கேட்பாராம். ஒவ்வொரு ஜூனிலும் அதே கேள்வி. இவளும் ஒவ்வொரு ஜூனிலும் சிரிப்பாள்.

அவள் வேலை துணிப் பிரிவில். அறுவைச் சிகிச்சை அறைக்குப் போகிற பச்சைத் துணிகள் சலவை முடிந்து, இன்னும் சூடு அடங்காமல் வண்டி வண்டியாக வரும். அங்கே ஒரு கண்ணாடி மேசை இருக்கிறது, கண்ணாடிக்கு அடியில் விளக்கு. ஒவ்வொரு துணியையும் அதன்மேல் விரித்துப் பார்க்க வேண்டும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டையைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒட்டுப்போடுகிறவளிடம் தள்ள வேண்டும். நல்ல துணியை மடித்து, இரட்டைத் துணியில் சுற்றி, கோடு போட்ட ஒரு நாடாவை ஒட்டி நீராவிப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். சரியாக வெந்தால் நாடாவின் கோடுகள் கறுக்கும். அவளுக்கு இந்த வேலை பிடிக்கும். மனிதர்களுக்கும் இப்படி ஒரு நாடா இருந்தால் தேவலை, யார் வெந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் என்று ஒருமுறை சொன்னாள்.

வேலையைவிட வழிதான் பெரிய பாடு. விடிவதற்கு வெகு நேரம் முன்பே முதல் ரயிலுக்குப் போவாள். ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், இறங்கி ஆஸ்பத்திரி வாசல் வரை அவசர நடை. மாலையில் அதே வழி திரும்பி வரும்போது பல நாள் மகள் தூங்கிப்போயிருப்பாள். மகள் வளர்ந்ததைக் கட்டிலில் அவள் படுத்திருந்த நீளத்தை வைத்துத்தான் தங்கை தெரிந்துகொண்டாள். எத்தனை வருடம் இப்படி ஓடுவாய் என்று உறவினர்கள் கேட்பார்கள். "ஓடுறது ரயில்தானே, நான் உட்கார்ந்துதானே போறேன்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஆனால் முதல் சில வருடம் அவள் உட்கார்ந்தும் போகவில்லை, தூங்கியும் போகவில்லை. தூங்கினால் பை போய்விடுமோ, நிலையம் தாண்டிவிடுமோ என்ற பயம். கைப்பிடியைப் பிடித்து நின்றபடி கண்ணை மூடிப் பழகினாள். முழங்கால் இரண்டு முறை மடங்கி விழுந்த பிறகு அதையும் விட்டாள். அப்புறம்தான் கடைசிப் பெட்டியைக் கண்டுபிடித்தாள்.

அது பெண்கள் பெட்டி. எங்கள் நிலையத்திலும் அடுத்த இரண்டு நிலையங்களிலும் ஏறிக் கடைசி நிலையம் வரை போகிறவர்கள் தங்கையையும் சேர்த்து எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஒப்பந்த ஆட்கள்தான், வெவ்வேறு இடங்களில் வேலை. அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. வாரத்துக்கு ஒருத்தி விழித்திருப்பாள், மற்ற ஏழு பேரும் தூங்குவார்கள். அதற்குக் காவல் வாரம் என்று பெயர். காவல்காரி கதவோரம் நின்று பைகளையும் நிலையங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும், கடைசி நிலையம் நெருங்கும்போது ஒவ்வொருத்தியாக எழுப்ப வேண்டும். அதற்குச் சம்பளம் உண்டு. அந்த வாரம் முழுக்க மாலை ரயிலில் ஜன்னல் இருக்கை அவளுக்குத்தான், அவள் தூங்கும்போது மற்றவர்கள் பேசக்கூடாது.

எழுப்புவதிலும் முறை இருந்தது. வாயால் கூப்பிடக்கூடாது. ஒருத்திக்கு முழங்கையைத் தொட வேண்டும். இன்னொருத்தியைத் தொட்டால் தூக்கத்திலேயே அடித்துவிடுவாள், அவள் செருப்பைக் காலால் தட்டினால் போதும். எல்லோருக்கும் மூத்தவளை மூட்டை அக்கா என்பார்கள். தைலம், ஊசி நூல், குடை, பழைய ரசீது, மாற்றுச் செருப்பு என்று என்ன கேட்டாலும் எடுத்துக்கொடுக்க ஒரு மூட்டையை எப்போதும் மடியில் வைத்திருப்பாள். அவளை எழுப்ப மூட்டையை லேசாக இழுத்தால் போதும், பாய்ந்து எழுந்துவிடுவாள். எட்டுப் பேரிலும் இளையவளுக்குச் சின்னது என்று பெயர். அவள் ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டுகிறவள். அவளை மட்டும் எதைச் செய்தும் எழுப்ப முடியாது. தூக்கி நிறுத்தினால் நடந்துகொண்டே விழிப்பாள். மூட்டை அக்கா, சின்னது, என் தங்கை மூவரும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஒப்பந்தக் கம்பெனி.

அந்த ஏற்பாட்டில் சேர்ந்த பிறகு தங்கையின் முகமே மாறியது. வாங்குகிற சம்பளத்தைவிட அந்தத் தூக்கம்தான் அவளை வேலையில் வைத்திருந்தது என்று நான் நினைக்கிறேன். யார் யாரோ ஏறி இறங்குகிற பெட்டியில், ஓடுகிற வண்டியில், வாய் திறந்து தூங்க வேண்டுமானால் விழித்திருக்கிறவள்மேல் எத்தனை நம்பிக்கை வேண்டும்.

2017 நவம்பரில் பதினாறாம் தேதி வந்த வாரம் தங்கையின் காவல். திங்கள், செவ்வாய், புதன் சரியாகப் போயின. வியாழக்கிழமை செருப்பு வார் கழன்றது என்று ஒரு நிமிடம் இருக்கை ஓரத்தில் உட்கார்ந்து குனிந்தாள். அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருக்கிறது.

அவர்கள் கண் விழித்தது தண்ணீர்ச் சத்தத்தில். ஜன்னல் கண்ணாடிமேல் குழாய்த் தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. கடைசி நிலையத்தில் நடைமேடைக் கூரை முன் பெட்டிகளோடு முடிந்துவிடும். இந்தப் பெட்டி வெளியே இருட்டில் நிற்கும். யாரும் பார்க்காமல் வண்டி அப்படியே, வண்டிகளைக் கழுவி நிறுத்துகிற யார்டுக்குள் போய்விட்டது. தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஆள் கண்ணாடிக்குப் பின்னால் எட்டு முகங்களைப் பார்த்துக் குழாயைக் கீழே போட்டான். பிறகு ஏணி கொண்டுவந்து வைத்தான்.

"ஏம்மா, கழுவ வேண்டிய கணக்குல நீங்க வர மாட்டீங்களே" என்றானாம். "ஆள் இருக்கான்னு ஒவ்வொரு பெட்டியா எட்டிப் பாத்துட்டுத்தானே வண்டியை உள்ள விடணும்."

அப்போது அதை யாரும் காதில் வாங்கவில்லை. தண்டவாளக் கற்களின்மேல் ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு இயந்திரம் இருக்கிறது. நேரத்துக்கு வந்தால் அட்டையைக் காட்டியதும் பச்சை விளக்கு, தாமதமானால் சிவப்பு. ஒரு சிவப்புக்கு அரை நாள் சம்பளம் போகும். ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் அட்டையே செயலிழந்துவிடும். தங்கைக்கு அதுதான் முதல் சிவப்பு, மூட்டை அக்காவுக்கும் அப்படியே. சின்னதுக்கு மூன்றாவது. அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் அந்த மாதம் இரண்டு நாள் ரயிலைத் தவறவிட்டிருந்தாள்.

கம்பெனியின் மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. ஆனால் அவரும் ஒப்பந்தத்தில்தான் இருந்தார். அட்டை செத்தால் செத்ததுதான், தன்னால் உயிர் கொடுக்க முடியாது என்றார். ஒரே ஒரு வழி இருந்தது. ரயில் தாமதம் என்று நிலையத்தில் சீட்டு வாங்கி வந்தால் அந்தச் சிவப்பைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அதற்கும் கெடு உண்டு. உயிரோடு இருக்கிற அட்டைகளை வைத்துத்தான் ஏப்ரல் கடைசியில் அடுத்த ஒப்பந்தத்துக்குப் பட்டியல் போடுவார்கள். அதற்குள் சீட்டு வராவிட்டால் சின்னது மறுபடி உள்ளே வரவே முடியாது.

சின்னது அழவில்லை. வாசலிலேயே நின்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"விடுங்கக்கா. என் வாரமா இருந்திருந்தா திங்கக்கிழமையே எல்லாரும் யார்டுக்குப் போயிருப்போம்" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் அண்ணா என்று தங்கை அன்றிரவு என்னிடம் சொன்னாள். காய்ச்சல் இருந்தது, முந்தின இரவு தூக்கமில்லை என்று ஏதாவது காரணம் இருந்தாலாவது பற்றிக்கொண்டிருப்பாள். ஒரு காரணமும் இல்லை. நன்றாகத்தான் இருந்தாள், தூங்கிவிட்டாள்.

மறுநாள் கடைசிப் பெட்டியில் நடந்ததுதான் அவளை இன்னும் வாட்டியது. மூட்டை அக்கா தைல டப்பாவை வழக்கம்போல நீட்டினாள். ஆனால் யாரும் தூங்கவில்லை. ஏழு பேரும் நேராக உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அடுத்த நாளும் அப்படியே. இந்த வாரம் யார் காவல் என்ற கேள்வியே பிறகு எழவில்லை. சின்னது உட்காரும் இடத்தில் மூட்டை அக்கா மூட்டையை வைத்துக்கொண்டாள். தூங்காத பெண்கள் வேலையில் தடுமாறினார்கள். ஒருத்தி கையைச் சுட்டுக்கொண்டாள். தங்கையே விளக்கு மேசையில் ஒரு ஓட்டையைத் தவறவிட்டுப் பேச்சு வாங்கினாள்.

நிலையத்தில் சீட்டு வழங்கும் ஜன்னலுக்கு அவள் அந்தச் சனிக்கிழமையே போயிருந்தாள். உள்ளே இருந்தவர் பதிவைப் புரட்டிப் பார்த்தார்.

"வண்டி சரியான நேரத்துக்குத்தானே வந்திருக்கு. நீங்கதான் வரலை" என்றார்.

மூட்டை அக்கா அதற்கும் தன் மூட்டையில் வழி வைத்திருந்தாள். அதே மாதம் ஆறாம் தேதி ரயில் உண்மையிலேயே தாமதமாக வந்தபோது சின்னது தன் சீட்டையும் வாங்கி மூட்டை அக்காவிடம் கொடுத்திருந்தாள். அன்று வாசல் இயந்திரம் பழுது என்பதால் சீட்டு தேவைப்படவில்லை. ஆறுக்கு முன்னால் ஒரு கோடு இழுத்தால் பதினாறு. பேனாவையும் அவளே நீட்டினாள். தங்கை சீட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஓட்டைன்னு தெரிஞ்சே மடிச்சு வைக்கச் சொல்றீங்களாக்கா" என்றாள்.

"ஓட்டை வழியாத்தான்டி காத்து வரும்" என்று முணுமுணுத்துவிட்டு மூட்டை அக்கா சீட்டைத் திரும்ப வைத்துக்கொண்டாள். கண்டுபிடித்தால் மூன்று அட்டையும் சாகும் என்பது அவளுக்கும் தெரியும்.

இங்கேதான் தங்கைக்கு யார்டு ஆள் சொன்னது நினைவுக்கு வந்தது. எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே விட வேண்டும். அப்படியானால் தூங்கியவள் தான் ஒருத்தி மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி வரை தூங்குகிற நாள், காலையிலேயே எழுந்து யார்டுக்குப் போனாள். மாப்பிள்ளை தன் காதில் விழுந்ததை நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். நடந்ததை எழுதிக்கொடுக்க முடியுமா என்று கேட்டாள். அவன் குழாயைச் சுருட்டிக்கொண்டே யோசித்தான்.

"நீங்க ஒரு சிவப்பு விளக்குக்கு அலையறீங்க. நானும் கான்ட்ராக்ட்தாம்மா. எழுதிக்கொடுத்தா நாளைக்கு நான் எந்த விளக்கையும் பாக்க வேண்டி இருக்காது" என்றான்.

அவள் வற்புறுத்தவில்லை. வேறொருவன் அட்டையைக் கொன்று சின்னதின் அட்டைக்கு உயிர் கொடுப்பதா என்றாள் என்னிடம். பிறகு ரயில் அலுவலகத்துக்குத் தானே எழுதிய கடிதத்தில் அவனைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. ஏணி வைத்தது யார் என்றுகூட எழுதவில்லை.

கடிதத்தை மாலை ரயிலில் மடியில் வைத்தே எழுதினாள். முதல் வரி, அந்த வாரம் விழித்திருக்க வேண்டியவள் நான், நான் தூங்கிவிட்டேன் என்பது. இரண்டாவது வரி, வண்டியை உள்ளே கொண்டுபோகும் முன் யாரும் பெட்டியைப் பார்க்கவில்லை என்பது. நடந்ததை நடந்தபடி ஒரு சீட்டில் எழுதித் தரும்படி கேட்டு முடித்திருந்தாள். மாப்பிள்ளை அதை வாங்கிப் படித்தார். முதல் வரியை எடுத்துவிடச் சொன்னார்.

"நீயே குத்தத்தை ஒத்துக்கிட்டா அவங்களுக்கு வேலை மிச்சம். உன் தலையிலேயே கட்டிட்டுப் போயிடுவாங்க."

"அதை விட்டுட்டு எழுதினா மிச்சத்தை எப்படி நம்புவாங்க" என்று வாங்கி மடித்துக்கொண்டாள்.

பெட்டியில் அந்தக் காகிதம் கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோரும் முதல் வரியைப் படித்துவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டார்கள். தூக்கத்தில் அடிக்கிறவள் மட்டும் தன் முதலாளி கையில் இது கிடைத்தால் என்ன ஆகும் என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் அவளும் போட்டாள். எட்டாவது கையெழுத்துக்குத் தங்கை சின்னதின் வீட்டுக்கே போனாள். ஒரே அறை. கட்டிலில் அம்மா, தரையெல்லாம் செருப்புக் கடைக்கு ஒட்டிக்கொடுக்கிற அட்டைப்பெட்டிகள். கால் வைக்க இடமில்லாமல் வாசலில் நின்றே கையெழுத்து வாங்கிவந்தாள். "ரயில்ல தூங்கின மாதிரி வீட்ல தூக்கம் வர மாட்டேங்குதுக்கா, ஆட்டம் பத்தலை" என்று சின்னது சிரித்தாளாம்.

டிசம்பர் கடைசியில் முதல் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது. ஜனவரியில் இரண்டாவது. அன்று அந்த வண்டி காலியாகவே யார்டுக்குச் சென்றதாகப் பதிவில் உள்ளது. அதோடு விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். மாப்பிள்ளையும் நினைத்தார், சொல்லவும் செய்தார். அவள் அதே கடிதத்தை மறுபடி எழுதி, ஒரு வரி மட்டும் கூடச் சேர்த்தாள். உங்கள் பதிவை எழுதியவர் எங்கள் பெட்டியைப் பார்த்திருந்தால் எட்டுப் பேரைப் பார்த்திருப்பார், தாங்கள் ஒருநாள் எங்களோடு வந்து பாருங்கள். பிப்ரவரி முழுக்க ஒரு பதிலும் இல்லை. ஏப்ரல் நெருங்க நெருங்க அவள் சாப்பாடு குறைந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சின்னதின் வீட்டுக்குப் போய் அட்டைப்பெட்டி ஒட்டிவிட்டு வந்தாள்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் கடைசிப் பெட்டியில் அறிமுகமில்லாத ஒரு அம்மாள் ஏறினார். கையில் கோப்பு. சின்னதின் இடத்தில் உட்கார வேண்டும் என்று மூட்டையை எடுக்கச் சொன்னதிலேயே மூட்டை அக்காவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. தான் ரயில் அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டு அவர் அங்கே உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்து எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

"எட்டுப் பேரும் தூங்கினதா எழுதியிருக்கீங்க. இங்க ஒருத்தர்கூடத் தூங்கலையே."

"ஒருத்தி முழிச்சிருந்தாத்தான் மத்தவங்க தூங்க முடியும்மா" என்றாள் மூட்டை அக்கா.

"சரி, இந்த வாரம் யார் முழிச்சிருக்கணும்?"

நான்கு மாதமாகக் காவல் வாரமே இல்லை. அப்போது என் தங்கை எழுந்தாள். எழுந்து கதவோரம் போய்க் கைப்பிடியைப் பிடித்து நின்றாள்.

"நான்தான். நவம்பர்ல பாதியில விட்ட வாரம். வெள்ளி, சனி ரெண்டு நாள் பாக்கி இருக்கு" என்றாள்.

ஒரு நிலையம் வந்து போனது. மூட்டை அக்கா மூட்டையை மடியில் சரியாக வைத்தாள், அதன்மேல் இரண்டு கையையும் கோத்தாள், கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் அவள் தலை சாய்ந்தது. பிறகு ஒருத்தி. பிறகு இன்னொருத்தி. தூக்கத்தில் அடிக்கிறவள்தான் கடைசி, தங்கையை முறைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். நான்கு மாதத் தூக்கம் அது. அந்த அம்மாள் கோப்பைத் திறக்கவே இல்லையாம். தூங்குகிறவர்களையும் நிற்கிறவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாராம்.

கடைசி நிலையம் நெருங்கியதும் தங்கை கதவைவிட்டு உள்ளே வந்தாள். அந்த அம்மாள் கையை நீட்டித் தடுத்தார்.

"எழுப்பாதீங்க. யாராவது வந்து பாக்கிறாங்களான்னு எனக்குத் தெரியணும். உங்களுக்கும் அதுதானே நல்லது."

நல்லதுதான். ஆறு பேரும் தூங்கட்டும் என்று விட்டிருந்தால் அதைவிடச் சரியான சாட்சி கிடைக்காது. சின்னதின் அட்டைக்கு வேறு வழியும் தெரியவில்லை. தங்கை ஒரு கணம் நின்றிருக்கிறாள். அந்த ஒரு கணத்தை அவள் என்னிடம் மறைக்கவில்லை. பிறகு குனிந்து மூட்டையை லேசாக இழுத்தாள்.

"எழுப்புறது என் வேலைம்மா" என்றாள். "பெட்டியில ஆள் இருக்கான்னு பாக்குறது உங்க ஆளுங்க வேலை. அதுக்கு நீங்க ஒருத்தங்க உட்கார்ந்திருந்தாப் போதுமே."

ஒருத்திக்கு முழங்கை, ஒருத்திக்குச் செருப்பு என்று ஆறு பேரையும் முறைப்படி எழுப்பினாள். அவர்கள் கொட்டாவி விட்டபடி இறங்கிப் போனார்கள். அந்த அம்மாள் இறங்கவில்லை. கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கூரைக்கு வெளியே, இருட்டில், காலிப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். தங்கை நடைமேடைக் கோடியிலிருந்து திரும்பிப் பார்த்தபோது வண்டி அவரோடு நகர்ந்துகொண்டிருந்தது.

மீதியை யார்டு ஆள்தான் சில நாள் கழித்து நிலைய வாசலில் பார்த்தபோது சொன்னான். அந்த அம்மாள் உட்கார்ந்திருந்த ஜன்னல் பாதி திறந்திருந்ததாம். கோப்பு முழுக்க நனைந்துவிட்டதாம்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலைம்மா. தண்ணியே சொல்லிடுச்சு" என்றான்.

மறுநாள் சனிக்கிழமை, பாக்கியிருந்த இன்னொரு நாள் காவலையும் தங்கை முடித்தாள். திங்கட்கிழமை மூட்டை அக்கா தானாகவே போய்க் கதவோரம் நின்றாள். அன்று மாலை தங்கை வீட்டுக்கு வந்தபோது கன்னத்தில் இருக்கைக் கம்பியின் தடம் இருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேலி பேசாமல் சாப்பாடு எடுத்துவைத்தார்.

இதற்கு மேல் எழுத அதிகம் இல்லை. ரயில் அலுவலகம் அனுப்பிய கடைசிக் கடிதத்தோடு ஒரு சீட்டு இருந்தது. மேற்பார்வையாளர் அந்தச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ரயில் தாமதம் என்று அதில் இல்லை. நவம்பர் 16ஆம் தேதி பயணிகளைச் சோதிக்காமல் வண்டி யார்டுக்குள் கொண்டுசெல்லப்பட்டது, தவறு எங்களுடையது என்று இருந்தது. "இந்த மாதிரி சீட்டை நான் பார்த்ததே இல்லையே" என்றார். "நாங்களும்தான் சார்" என்றாள் மூட்டை அக்கா. அவர் அதைக் கோப்பில் சேர்த்தார். ஒரு வாரத்தில் சின்னதின் அட்டைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. ஏப்ரல் கடைசியில் போட்ட பட்டியலிலும் அவள் இருந்தாள். நடுவில் போன மாதங்களின் சம்பளம் போனதுதான், அதை யாரும் தரவில்லை. தங்கையின் அரை நாள் சம்பளம் திரும்ப வந்தது. அதை அவள் கேட்கவில்லை, வந்ததும் சின்னதின் அம்மாவுக்கு மருந்து வாங்கிப் போனாள். இப்போது கடைசி நிலையத்தில் ஒருவர் கம்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிக்கொண்டு போகிறார், கூரைக்கு வெளியே நிற்கிற பெட்டியையும் சேர்த்து.

சின்னது திரும்பி வந்த நாள் மூட்டை தன் சொந்தக்காரி மடிக்குத் திரும்பியது. முதல் நிலையம் தாண்டுவதற்குள் சின்னது தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய நேரத்தில் இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். அவள் நடைமேடையில் பாதித் தூரம் நடந்த பிறகுதான் கண் திறந்தாளாம்.

தங்கை இன்னும் அதே ரயிலில்தான் போய்வருகிறாள். அட்டையில் படத்தை மட்டும் போன ஜூனில் மாற்றிவிட்டார்கள். வாசல் காவலர் வழக்கம்போல அட்டையைக் கையில் வாங்கினார், கேட்க எதுவும் இல்லாமல் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தங்கையின் கணக்கில் வராத ஒரு தேதியை நான் சேர்க்கிறேன். கடைசிக் கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்த நாள்: 2018 ஏப்ரல் 11, புதன்கிழமை.